கோட் சூட் ஆடிட்டர் டு காந்தியின் பொருளாதார நிபுணர்: பூமியின் கணக்கைப் பார்த்த தஞ்சாவூர்க்காரர்... யார் இந்த ஜே.சி.குமரப்பா?

கைக்குத்தல் அரிசி, மரச்செக்கு எண்ணெய், கருப்பட்டி. இந்தப் பெயர்களைக் கேட்டதும் இப்போ பலருக்கும் ஞாபகம் வர்றது ஆர்கானிக் கடைதான். கூடவே அங்கே ஒட்டியிருக்கும் விலையும் ஞாபகம் வரும். பசுமையா வாழணும்னா பணம் இருக்கணும் என்ற எண்ணம் அப்படித்தான் நம் மனசில் பதிந்துபோனது.

ஆனா இதே பொருட்களை ஏழைகளின் பொருளாதாரம் என்று சொல்லி, அதற்காகவே தன் வாழ்நாளைக் கொடுத்த ஒருவர் இருந்தார். தஞ்சாவூரில் பிறந்தவர், லண்டனில் ஆடிட்டர் பயிற்சி பெற்றவர், அமெரிக்காவில் பொருளாதாரம் படித்தவர். பிறகு காந்தியோடு சேர்ந்து செக்கையும் உரலையும் கணக்குப் போட்டுப் பார்த்தவர். பெயர் ஜே.சி.குமரப்பா.

ஒரு பொருளின் விலை வேற, அதற்காக மண்ணும் மனுஷனும் கொடுக்கும் விலை வேற. இந்த இரண்டாவது கணக்கை யார் எழுதுகிறார்கள் என்பதுதான் அவர் கடைசிவரை கேட்ட கேள்வி. அவர் வாழ்க்கையையும், அதிலிருந்து நம் வீட்டுக்கு எடுத்துக்கொள்ள என்ன இருக்கிறது என்பதையும் விரிவாகப் பார்க்கலாம்.

தஞ்சாவூர் கொர்னேலியஸ்

1892-ம் ஆண்டு ஜனவரி 4-ம் தேதி தஞ்சாவூரில் ஒரு தமிழ் கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்தார். அப்போது அவர் பெயர் ஜோசப் செல்லதுரை கொர்னேலியஸ். அப்பா பொதுப்பணித் துறையில் வேலை பார்த்தவர். வீட்டில் படிப்புக்குக் குறைவில்லை. ஒழுங்கு, நேரம் தவறாமை, கணக்கில் சுத்தம் எல்லாமே சின்ன வயதிலேயே பழகியவை.

லண்டனுக்குப் போய் கணக்குத் தணிக்கை படித்துவிட்டு, கொஞ்ச காலம் அங்கேயே வேலையும் பார்த்தார். அம்மா கூப்பிட்டதால் ஊர் திரும்பி, பம்பாயில் ஆடிட்டராகத் தொழில் நடத்தினார். மேல்நாட்டு உடை, மேல்நாட்டுச் சாப்பாடு, மேல்நாட்டுப் பழக்கவழக்கம். அந்தக் காலத்து பம்பாயில் வசதியான வாழ்க்கை அது. அரசியல் பக்கம் அவர் எட்டிப் பார்த்ததாகக்கூட தெரியவில்லை.

அமெரிக்காவில் மாறிய கேள்வி

1927-ல் அமெரிக்கா போனார். சிரக்யூஸ் பல்கலைக்கழகத்தில் வணிக நிர்வாகம் படித்து முடித்துவிட்டு, நியூயார்க்கில் உள்ள கொலம்பியா பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். அங்கே அவருக்கு ஆசிரியர் எட்வின் செலிக்மன். பொது நிதித் துறையில் அன்றைக்கு உலகம் அறிந்த பெயர்.

அந்தச் சமயத்தில் ஒரு தேவாலயத்தில் இந்தியாவின் வறுமை பற்றிப் பேசும் வாய்ப்பு குமரப்பாவுக்குக் கிடைத்தது. அந்தப் பேச்சு பத்திரிகையில் செய்தியாக வந்தது. அதைப் படித்த செலிக்மன், ஆய்வுக்கு இதையே தலைப்பாக எடுக்கச் சொன்னார். ஒரு மேடைப் பேச்சு அப்படி ஆய்வுக் கட்டுரையாக மாறியது.

ஆடிட்டர் கண்ணோடு பிரிட்டிஷ் இந்திய அரசின் வரவு செலவைப் புரட்டிப் பார்த்தார். வரி எங்கிருந்து வருது, எங்கே போகுது என்று வரிசையாக எழுதிப் பார்த்தபோது ஒரு விஷயம் தெளிவானது. வரி கட்டுவது விவசாயி. செலவாவதோ ராணுவத்துக்கும், கடன் வட்டிக்கும், அதிகாரிகளின் சம்பளத்துக்கும். கட்டினவனுக்குத் திரும்பி வருவது ரொம்பக் கொஞ்சம். இந்தியா ஏழை நாடாகப் பிறக்கவில்லை, ஏழையாக்கப்பட்டது என்ற முடிவுக்கு அவரைக் கொண்டுவந்தது மேடைப் பேச்சு இல்லை, கணக்குப் புத்தகம்.

இந்தியா திரும்பியதும் குடும்பத்தின் பழைய பெயரான குமரப்பாவை எடுத்துக்கொண்டார். கொர்னேலியஸ், ஜே.சி.குமரப்பா ஆனது 1929-ல்.

மரத்தடியில் ஒரு பெரியவர்

எழுதி முடித்த ஆய்வை எங்கே வெளியிடுவது? நண்பர்கள் காந்தியைப் பார்க்கச் சொன்னார்கள். 1929 மே 9-ம் தேதி சபர்மதி ஆசிரமத்துக்குப் போனார் குமரப்பா. பட்டு சூட், கையில் தடி.

சந்திப்புக்கு இன்னும் நேரம் இருந்ததால் சபர்மதி ஆற்றங்கரைப் பக்கம் நடந்தார். வழியில் ஒரு மரத்தடியில், சாணி மெழுகிய தரையில் உட்கார்ந்து ஒரு பெரியவர் ராட்டை சுற்றிக்கொண்டிருந்தார். ராட்டையை அதுவரை பார்த்திராத குமரப்பா தடியை ஊன்றியபடி நின்று வேடிக்கை பார்த்தார். சில நிமிஷம் கழித்து, நீங்கள்தான் குமரப்பாவா என்று அந்தப் பெரியவர் கேட்டபிறகுதான், அவர்தான் காந்தி என்பதே புரிந்தது.

சூட் கசங்குமே என்றுகூட யோசிக்காமல் அந்தத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். யாரோ நாற்காலி கொண்டுவந்தும் அதில் உட்காரவில்லை. அவருடைய ஆய்வை தன் 'யங் இந்தியா' பத்திரிகையில் தொடராக வெளியிட காந்தி ஒப்புக்கொண்டார். கையோடு ஒரு வேலையும் கொடுத்தார். குஜராத் கிராமங்களுக்குப் போய், மக்கள் உண்மையில் எப்படி வாழ்கிறார்கள் என்று கணக்கெடுக்க வேண்டும்.

கணக்குல கறார்

குஜராத் வித்யாபீட மாணவர்களைக் கூட்டிக்கொண்டு கேடா மாவட்டம் மாத்தர் தாலுகாவில் ஊர் ஊராகப் போனார் குமரப்பா. வருமானம் எவ்வளவு, கடன் எவ்வளவு, மாடு எத்தனை, நிலம் எத்தனை, வரி கட்டிய பிறகு மிச்சம் என்ன என்று வீட்டுக்கு வீடு விசாரித்தார்கள். அந்த ஆய்வு 1931-ல் புத்தகமானது. அமெரிக்காவில் அரசாங்கக் கணக்கைப் படித்தவர் இங்கே அடுப்படிக் கணக்கைப் படித்தார்.

உப்பு சத்தியாகிரகத்தில் காந்தி கைதானபோது 'யங் இந்தியா' பத்திரிகையை நடத்தும் பொறுப்பு குமரப்பாவிடம் வந்தது. அதனால் சிறைக்கும் போனார். பிரிட்டனுக்கும் இந்தியாவுக்கும் இடையே யாருக்கு யார் எவ்வளவு கடன் என்று பார்க்க 1931-ல் காங்கிரஸ் அமைத்த குழுவிலும் அவர் இருந்தார்.

1934-ல் பீகாரை நிலநடுக்கம் உலுக்கியது. ராஜேந்திர பிரசாத் தலைமையில் நடந்த நிவாரணப் பணியில் கணக்கு வழக்கு குமரப்பா கையில். தொண்டர்களின் தினசரி சாப்பாட்டுச் செலவுக்குக்கூட வரம்பு வைத்தார். காந்தியும் அவருடன் வந்தவர்களும் பீகார் வந்தபோது, அவர்களுக்கான கூடுதல் செலவை நிவாரண நிதியிலிருந்து கொடுக்க முடியாது என்று சொல்லிவிட்டார். பாதிக்கப்பட்டவர்களுக்காக மக்கள் கொடுத்த காசு, வேறு எதற்கும் போகக்கூடாது என்பது அவர் கட்சி. காந்தி கோபப்படவில்லை, ஏற்றுக்கொண்டார்.

இந்தக் கறார்தான் பிறகு அரிசி, எண்ணெய், மண் என எல்லாவற்றின் மீதும் திரும்பியது.

மகன்வாடியில் என்ன நடந்தது?

1934 கடைசியில் அகில இந்திய கிராமத் தொழில்கள் சங்கம் தொடங்கப்பட்டது. செயலாளர் குமரப்பா. தலைமையிடம் மகாராஷ்டிராவின் வார்தா. ஜம்னாலால் பஜாஜ் கொடுத்த தோட்டத்துக்கு, காந்தியின் உறவினர் மகன்லால் காந்தியின் நினைவாக மகன்வாடி என்று பெயர் வைத்தார்கள்.

கிராமத்தில் இருக்கும் பொருளை வைத்து, கிராமத்து ஆளே, கைக்கு எட்டும் செலவில் என்னென்ன செய்ய முடியும் என்று சோதித்துப் பார்க்கும் இடமாக அது இருந்தது. செக்கு, காகிதம் செய்தல், தேனீ வளர்ப்பு, பனைவெல்லம், மண்பாண்டம் என்று பல வேலைகள் நடந்தன. 1938-ல் இங்கே ஒரு அருங்காட்சியகத்தையும் காந்தி திறந்து வைத்தார். மகன் சங்கிரகாலயா என்ற பெயரில் அது இன்றும் வார்தாவில் இருக்கிறது.

குமரப்பா போட்ட கணக்குகள் எப்படிப்பட்டவை? நாலு உதாரணம் பார்ப்போம்.

முதல்ல எண்ணெய். ஊர்ச் செக்கில் எள்ளோ கடலையோ ஆட்டினால் எண்ணெய் வீட்டுக்கு வரும். புண்ணாக்கு மாட்டுக்குப் போகும். மாடு போடும் சாணம் வயலுக்குப் போகும். செக்கு ஓட்டுபவருக்குக் கூலி ஊருக்குள்ளேயே கிடைக்கும். எல்லாம் ஒரு வட்டத்துக்குள் சுற்றும். அதே வித்து மொத்தமாக வெளியூர் ஆலைக்கோ வெளிநாட்டுக்கோ போனால்? எண்ணெய் மட்டும் காசு கொடுத்துத் திரும்ப வாங்கணும். புண்ணாக்கு திரும்பாது, அதனால் மண்ணுக்குப் போகவேண்டிய சத்தும் திரும்பாது. ஆலை எண்ணெயின் விலைச்சீட்டில் இந்த நஷ்டம் எங்கேயும் எழுதியிருக்காது என்பதைத்தான் குமரப்பா சுட்டிக்காட்டினார்.

இரண்டாவது அரிசி. ஆலையில் நன்றாகத் தீட்டும்போது தவிடோடு சேர்ந்து பி1 வைட்டமினும் போய்விடும். தீட்டிய அரிசியையே நம்பியிருந்த இடங்களில் பெரிபெரி என்ற நோய் பரவியது மருத்துவ உலகம் அறிந்த வரலாறு. உரலில் குத்தினால் தவிடு முழுசாகப் போகாது. குத்தும் பெண்களுக்கு வேலையும் இருக்கும். வெள்ளையாகத் தெரிவதற்காகச் சத்தையும் இழந்து, கூலியையும் இழப்பது என்ன லாபம் என்பது அவர் கேள்வி.

மூன்றாவது இனிப்பு. கரும்புக்கு நல்ல நிலமும் நிறைய தண்ணியும் வேணும். பனைக்கும் ஈச்சைக்கும் அது வேண்டியதில்லை, பயிர் வராத இடத்திலும் நிற்கும். அந்த மரங்களின் பதநீரில் வெல்லம் காய்ச்சினால், கரும்பு நிற்கும் நல்ல நிலத்தில் தானியம் விளைவிக்கலாம். தமிழ்நாட்டின் மாநில மரம் பனை என்பதால் இந்தக் கணக்கு நமக்கு இன்னும் நெருக்கமானது.

நாலாவது வெளிச்சமும் அடுப்பும். மண்ணெண்ணெய்க்குப் பதிலாகத் தாவர எண்ணெயில் எரியும் மகன் தீபம் என்ற விளக்கை உருவாக்கினார்கள். அடுப்படியில் பெண்கள் புகையில் மூச்சு முட்டாமல் இருக்க, புகைபோக்கி வைத்த மண் அடுப்பும் இங்கே வந்தது. விறகும் மிச்சம், கண்ணெரிச்சலும் குறையும்.

இந்த நாலிலும் பொதுவான விஷயம் ஒன்று உண்டு. எதுவுமே பணக்காரருக்கான பொருள் இல்லை. காசு இல்லாதவர் எப்படி நல்லபடியா வாழலாம் என்று தேடிப்போனதில் கிடைத்தவைதான் எல்லாமே.

சிறையில் எழுதிய புத்தகம்

1942 வெள்ளையனே வெளியேறு போராட்டக் காலத்தில் குமரப்பா மறுபடியும் சிறைக்குப் போனார். ஜபல்பூர் சிறையில் இருந்தபோது இரண்டு புத்தகங்கள் எழுதினார். ஒன்று இயேசுவின் போதனைகள் பற்றியது. இன்னொன்று 'எகானமி ஆஃப் பெர்மனென்ஸ்', அதாவது நிலைத்து நிற்கும் பொருளாதாரம். இரண்டுக்கும் முன்னுரை எழுதிய காந்தி, கிராமத் தொழில்களில் டாக்டர் என்று அவருக்கு ஒரு பட்டமும் கொடுத்தார்.

அது என்ன நிலைத்து நிற்கும் பொருளாதாரம்?

இயற்கையிலிருந்து நாம் எடுப்பதை குமரப்பா இரண்டாகப் பிரித்தார். ஒன்று தேங்கி நிற்பது. நிலக்கரி, பெட்ரோல், இரும்புத் தாது மாதிரி. எடுக்க எடுக்கக் குறையும், நம் காலத்தில் திரும்ப ஊறாது. இன்னொன்று ஓடிக்கொண்டிருப்பது. வெயில், ஆற்று நீர், வளரும் மரம், செடி கொடி மாதிரி. அளவோடு எடுத்தால் திரும்ப வந்துகொண்டே இருக்கும்.

சுலபமா சொன்னா, ஓடுவது மாதச் சம்பளம் மாதிரி, தேங்கியிருப்பது தாத்தா சேர்த்து வைத்த சேமிப்பு மாதிரி. சேமிப்பை எடுத்து தினமும் பிரியாணி சாப்பிட்டுவிட்டு, நம்ம வீட்ல வருமானம் அமோகம்னு சொன்னா எந்த ஆடிட்டராவது ஒத்துக்குவாரா? நவீன தொழில்மயம் அதைத்தான் செய்கிறது என்று குமரப்பா பார்த்தார். அதோடு நிறுத்தவில்லை. தேங்கியிருக்கும் பொருள் குறையக் குறைய அதற்காக நாடுகள் அடித்துக்கொள்ளும், எண்ணெயில் ஓடும் உலகம் போரில்தான் போய் நிற்கும் என்றும் எச்சரித்தார். அவர் இதை எழுதியது இரண்டாம் உலகப்போர் நடந்துகொண்டிருந்த நேரத்தில்.

மனிதர்கள் வாழும் விதத்தையும் இயற்கையிலிருந்தே உதாரணம் எடுத்து ஐந்து வகையாகப் பிரித்தார். ஆட்டைக் கொன்று தின்னும் புலி ஒரு வகை. தனக்குச் சாப்பாடு தந்த உயிரையே அது அழித்துவிடுகிறது. மாந்தோப்பில் புகுந்த குரங்கு அடுத்த வகை. தோப்பை அழிக்காது, ஆனா அந்தத் தோப்புக்காக ஒரு குடம் தண்ணிகூட ஊற்றியிருக்காது. பூவில் தேன் எடுக்கும்போதே மகரந்தத்தைக் கொண்டுபோய்ச் சேர்க்கும் தேனீ மூன்றாவது. எடுத்ததற்குப் பதிலாக ஒன்றைக் கொடுக்கிறது. தனக்காக இல்லாமல் மொத்தக் கூட்டுக்காகச் சேர்த்து வைக்கும் அதே தேனீயின் வாழ்க்கை நாலாவது. எதையும் திரும்ப எதிர்பார்க்காமல் குஞ்சுக்கு இரை ஊட்டும் தாய்ப்பறவை ஐந்தாவது. மனிதர்கள் புலியிடமிருந்து தாய்ப்பறவையை நோக்கி நகரணும் என்பதே அவர் ஆசை.

இந்தப் புத்தகம் வந்தது 1945-ல். நீடித்த வளர்ச்சி என்ற சொல்லை உலகம் முழுக்கக் கொண்டுசேர்த்த ஐ.நா. ஆணையத்தின் அறிக்கை வந்தது 1987-ல். நடுவில் 42 வருஷம். 1973-ல் வெளியாகி உலகப் புகழ்பெற்ற 'ஸ்மால் இஸ் பியூட்டிஃபுல்' புத்தகத்தில், அதை எழுதிய ஷூமாகர் குமரப்பாவின் கருத்தை எடுத்துக் காட்டியிருக்கிறார். அங்கே போய்த்தான் பலர் நம்ம ஊர்க்காரரைத் தெரிந்துகொண்டார்கள்.

சுதந்திரத்துக்குப் பிறகு ஏன் ஓரங்கட்டப்பட்டார்?

சுதந்திரம் வந்ததும் இப்படிப்பட்டவரை அரசு கொண்டாடியிருக்கும்னு நினைப்போம். நடந்தது வேற. நேரு தலைமையிலான அரசு பெரிய அணைகள், உருக்காலைகள், கனரகத் தொழில்கள் என்று முடிவெடுத்தது. அந்தக் கருத்து வேறுபாடு பழையது. 1938-ல் நேரு தலைமையில் அமைந்த தேசிய திட்டக் குழுவில் உறுப்பினராக இருந்த குமரப்பா, கிராமத்துக்கு அங்கே முக்கியத்துவம் இல்லை என்று அப்போதே விலகியவர்.

ஆனாலும் ஒரு பெரிய வேலை அவர் கையால் நடந்தது. காங்கிரஸ் அமைத்த நிலச் சீர்திருத்தக் குழுவுக்கு அவர்தான் தலைவர். உழுபவருக்கே நிலம் சேரணும், நடுவில் இருக்கும் இடைத்தரகர்கள் போகணும், ஒருவர் வைத்திருக்கும் நிலத்துக்கு உச்சவரம்பு வேணும் என்று 1949-ல் அந்தக் குழு அறிக்கை கொடுத்தது. பின்னால் வந்த நிலச் சீர்திருத்த விவாதங்களில் குமரப்பா குழு அறிக்கை என்ற பெயர் திரும்பத் திரும்ப வருவதற்கு இதுதான் காரணம்.

வார்தா பக்கத்தில் செல்டோ என்ற ஊரில் விவசாயச் சோதனைக்காக ஒரு ஆசிரமம் தொடங்கினார். மராத்தி பேசும் மண்ணில் அதற்கு அவர் வைத்த பெயர் பண்ணை ஆசிரமம். ரசாயன உரம், டிராக்டர் மீது நாடே ஆசைப்பட்ட நேரத்தில், மாடு சாணமும் கொடுக்கும், டிராக்டர் கொடுக்குமா என்று வாதாடிக்கொண்டிருந்தார். டெல்லியில் அதைக் கேட்க ஆள் குறைந்துபோனது. உடம்பும் ரத்த அழுத்தத்தால் தளர்ந்தது.

டி.கல்லுப்பட்டி வாழ்க்கை

1950-களில் தமிழ்நாட்டுக்கே திரும்பிவிட்டார். மதுரை மாவட்டம் டி.கல்லுப்பட்டியில் இருக்கும் காந்தி நிகேதன் ஆசிரமம்தான் கடைசிக் காலத்தில் அவருக்கு வீடு. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஒரு சின்ன குடில், குறைவான சாமான், கதர் உடை. ஒருகாலத்தில் பம்பாயில் கோட் சூட்டோடு வலம் வந்தவர்தான் இவர் என்று சொன்னால் நம்புவது கஷ்டம்.

அந்தக் குடிலுக்கு ஒருமுறை வினோபா பாவே வந்தார். சுவரில் இருந்த காந்தி படத்தைக் காட்டி, இவர் என் குரு என்றாராம் குமரப்பா. பக்கத்தில் இன்னொரு படம் இருந்தது. ஒரு ஏழை விவசாயியின் படம். இவர் என் குருவுக்கே குரு என்று அதையும் காட்டினாராம்.

1960 ஜனவரி 30-ம் தேதி குமரப்பா காலமானார். வயது 68. காந்தி கொல்லப்பட்ட அதே தேதி, 12 வருஷம் கழித்து.

அவர் சொன்னது எல்லாமே சரியா?

இந்தக் கேள்வியைத் தவிர்க்க முடியாது. உரலில் நெல் குத்துவது சாதாரண வேலை இல்லை. அந்தப் பாரம் பெரும்பாலும் பெண்கள் தோளில்தான் விழுந்தது. ஆலை வந்ததும் பல வீடுகளில் பெண்கள் நிம்மதிப் பெருமூச்சு விட்டார்கள் என்பதும் உண்மை. புகையில்லா மண் அடுப்பைவிட கேஸ் அடுப்பு அடுப்படிப் புகையை அதிகமாகக் குறைத்தது என்பதையும் மறுக்க முடியாது. சுதந்திரம் வந்தபோது நாட்டில் உணவுப் பஞ்சம் இருந்தது, விளைச்சலைக் கூட்ட வேண்டிய அவசரமும் இருந்தது.

அதே சமயம், குமரப்பா இயந்திரத்துக்கே எதிரி என்று சொல்வதும் தப்பு. மின்சாரம், ரயில் மாதிரி எல்லாருக்கும் பொதுவான சேவைகளும் அடிப்படைத் தொழில்களும் பெரிய அளவில், அரசு கட்டுப்பாட்டில் நடக்கலாம் என்பதை அவர் ஏற்றுக்கொண்டார். சாப்பாடு, துணி, வீடு போன்ற அன்றாடத் தேவைகளில் பெரிய ஆலை புகுந்து கிராமத்து வேலையைப் பிடுங்கக்கூடாது என்பதுதான் அவர் எல்லைக்கோடு. அந்தக் கோட்டை எங்கே போடுவது என்பதில் சண்டை இருக்கலாம். ஒரு கோடு வேணும் என்பதில் இன்றைக்குப் பெரிய சண்டை இல்லை.

நம்ம வீட்டுக்கு என்ன இருக்கு?

இங்கேதான் ஒரு வேடிக்கை. குமரப்பா ஏழைகளுக்காகப் பேசிய செக்கு எண்ணெயும் கருப்பட்டியும் இப்போ விலை உயர்ந்த சாமான்கள். குறைந்த வருமானத்தில் குடும்பம் நடத்துபவர் அதையெல்லாம் வாங்க முடியலையேன்னு குற்ற உணர்ச்சி பட வேண்டியதில்லை. அவர் விட்டுப்போனது வாங்கவேண்டிய பொருட்களின் பட்டியல் இல்லை, கணக்குப் பார்க்கும் முறை. தேங்கியிருப்பதைக் குறைவாகத் தொடணும், ஓடுவதை அதிகமாகப் பயன்படுத்தணும், மண்ணிலிருந்து வந்தது மண்ணுக்கே திரும்பணும். அந்த முறையை வைத்து, காசு செலவில்லாமலோ காசை மிச்சப்படுத்தியோ செய்யக்கூடிய சில விஷயங்கள் இதோ:

* அடுப்படிக் கழிவு: காய்கறித் தோல், முட்டை ஓடு, டீத்தூள் சக்கை இவற்றை ஓட்டை போட்ட பழைய வாளியிலோ மண் தொட்டியிலோ போடலாம். ஒரு அடுக்கு கழிவு, அதன்மேல் ஒரு அடுக்கு காய்ந்த இலை அல்லது மண். லேசான ஈரம் இருந்தால் போதும். இரண்டு மூன்று மாதத்தில் உரமாகிவிடும். நாத்தம் வந்தால் ஈரம் அதிகம் என்று அர்த்தம், காய்ந்த இலையைக் கூட்டிப் போடணும். மாடி இல்லாதவர்கள் தெரு மரத்தடிக்கு அந்த உரத்தைக் கொடுக்கலாம்.

* அரிசி: கைக்குத்தல் அரிசி கட்டுப்படியாகவில்லை என்றால் புழுங்கல் அரிசி இருக்கிறது. நெல்லைப் புழுக்கும்போது தவிட்டில் இருக்கும் பி வைட்டமினில் ஒரு பகுதி அரிசிக்குள் இறங்கிவிடும். அதனால் பச்சரிசியைவிட இதில் அந்தச் சத்து அதிகம் மிஞ்சும். ரேஷன் கடையிலும் கிடைக்கிறது. அரிசி கழுவிய தண்ணியைச் செடிக்கு ஊற்றலாம்.

* எரிபொருள்: கேஸ் என்பது தேங்கிய சேமிப்பிலிருந்து வருவது. பருப்பு, கொண்டைக்கடலையை ஊறவைத்துச் சமைப்பது, பாத்திரத்தை மூடி வைப்பது, கொதி வந்ததும் தீயைக் குறைப்பது மூன்றுமே கேஸை மிச்சம் பிடிக்கும். சிலிண்டர் சில நாள் கூடுதலாக வந்தால் லாபம் நமக்குத்தான்.

* வெயில்: தமிழ்நாட்டில் இலவசமா, தாராளமா கிடைக்கும் எரிசக்தி. துணி காய்வதற்கும், வத்தல் போடுவதற்கும், மிளகாய் மல்லி காயவைப்பதற்கும் வெயிலைவிட மலிவானது எதுவும் இல்லை.

* பை: ஒருமுறை பயன்படுத்தித் தூக்கிப்போடும் பிளாஸ்டிக்குக்கு தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடை இருக்கிறது. 2021-ல் மீண்டும் மஞ்சப்பை திட்டமும் வந்தது. அதற்காகப் புதுசா பை வாங்கணும்னு இல்லை. பழைய வேட்டி, சுடிதார் துணியில் ஒரு பை தைத்து வண்டியிலோ ஹேண்ட்பேகிலோ எப்பவும் வைத்திருந்தால் போதும்.

* ரிப்பேர்: மிக்ஸி, மின்விசிறி, செருப்பு, குடை, ஜிப் போன பை. புதுசு வாங்கும் முன்னாடி ரிப்பேர் கடையில் ஒருமுறை விசாரிக்கலாம். புதுப் பொருளுக்கான இரும்பும் பிளாஸ்டிக்கும் மிச்சம். நம்ம தெருவில் இருக்கும் ஒருவருக்கு வேலையும் கிடைக்கும். குமரப்பா கேட்ட இரண்டு கணக்கும் இதில் ஒரே நேரத்தில் தேறும்.

* பக்கத்துக் காய்: அந்தந்த சீசனில், அந்தந்த ஊரில் விளையும் கீரை, வாழைத்தண்டு, சுரைக்காய், கத்தரிக்காய் பெரும்பாலும் விலையும் குறைவு, லாரி டீசலும் குறைவு. உழவர் சந்தையில் வாங்கினால் விளைவித்தவரிடமே நேரா காசு போகும்.

இதில் எல்லாவற்றையும் ஒரே நாளில் செய்யணும்னு இல்லை. இந்த வாரம் ஒரு வாளியில் தொடங்கலாம். அடுத்த தடவை ஏதாவது ஒரு பொருள் ரொம்ப மலிவா கிடைக்கும்போது, குமரப்பா பார்த்த அந்த இரண்டாவது கணக்கையும் ஒரு நிமிஷம் பார்க்கலாம்: நாம் கொடுக்காத மீதி விலையை யார் கொடுக்கிறார்கள்? மண்ணா, தண்ணியா, கூலி குறைந்த ஒரு தொழிலாளியா, இல்லை நம்ம பிள்ளைகளா?